பழைய ஸ்பீக்கரை வீட்டிலேயே சீரமைப்பது: முழுமையான வழிகாட்டி

முப்பது நாற்பது வருடம் மூலையில் கிடந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர் பார்க்க எவ்வளவு மோசமாக இருந்தாலும், அதில் பெரும்பகுதி இன்னும் நன்றாகவே இருக்கும். 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வெளியிட்ட அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்கு அடிப்படை. ஒரு காந்தம், அதன் குறுகிய இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு. இந்த மூன்றும் லேசில் கெடாது. கெடுவது வேறு: கூம்பின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையம், கெப்பாசிட்டர் என்னும் மின்பாகத்துக்குள் இருக்கும் திரவம், மேல்சுருதி பாடும் ட்வீட்டர்கள் சிலவற்றுக்குள் ஊற்றப்பட்ட காந்த எண்ணெய், சுவிட்சுகளின் உலோகத் தொடுமுனைகள், அப்புறம் பெட்டியின் பசை. பழைய ஸ்பீக்கரைச் சீரமைப்பது என்றால் பெரும்பாலும் இந்த ஐந்தைச் சரிசெய்வதுதான்.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் செய்யப்போவது பழுது பார்ப்பதா, மேம்படுத்துவதா? இரண்டும் ஒன்றல்ல. கீழ்ச்சுருதி பாடும் வூஃபரின் ஃபோம் எவ்வளவு இளக்கமாக இருக்க வேண்டும், கூம்பு எத்தனை கிராம் இருக்க வேண்டும், கெப்பாசிட்டர் எத்தனை மைக்ரோஃபாரட் என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் அந்தப் பெட்டியை வடிவமைத்திருப்பார்கள். நல்லது செய்வதாக நினைத்து ஒன்றை மாற்றினால் மற்ற எல்லாம் நகரும். இந்த வழிகாட்டி பழுது பார்ப்பதைப் பற்றியது. இருந்ததை இருந்தபடி கொண்டுவருவது, அதுவும் எவ்வளவு குறைவாகத் தொட முடியுமோ அவ்வளவு குறைவாகத் தொட்டு.

கை வைக்கக் கூடாதவை

சில ஸ்பீக்கர்களை வீட்டில் திறக்கவே கூடாது. எலெக்ட்ரோஸ்டேடிக் வகையில் தகடுகளுக்குப் பல ஆயிரம் வோல்ட் போகும். 1957இல் வந்த குவாட் இ.எஸ்.எல் இந்த வகைதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். நிலைக்காந்தத்துக்குப் பதிலாகப் பெரிய மின்காந்தச் சுருள் வைத்த மிகப் பழைய வால்வு ரேடியோ ஸ்பீக்கர்களும் அப்படித்தான். அந்தச் சுருளுக்கு ரேடியோவின் உயர் மின்னழுத்தம் நேராகப் போகிறது. வால்வு மின்சுற்றில் பழக்கம் இல்லாதவர் இரண்டையும் தொட வேண்டாம்.

1974இல் வந்த யமஹா என்.எஸ்-1000எம் போன்ற சிலவற்றில் ட்வீட்டரும், நடுச்சுருதி பாடும் மிட்ரேஞ்சும் பெரிலியம் உலோகத்தால் ஆனவை. முழுதாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. உடைந்தால் அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு, எனவே உடைந்த துண்டைத் தேய்க்கவோ ஒட்டவோ முயலாதீர்கள். பெட்டிக்குள் மஞ்சள் பஞ்சு போல இருப்பது கண்ணாடி இழையாக இருக்கலாம். அதைத் தொடும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும்.

முதல் படி: பார்வையும் விரலும்

உடனே ஆம்ப்ளிஃபையரில் மாட்டிச் சத்தமாகப் பாடவைக்கத் தோன்றும். வேண்டாம். ஃபோம் கிழிந்த வூஃபர் சத்தமாகப் பாடினால் கூம்பு கட்டுப்பாடில்லாமல் ஆடி, நல்ல நிலையில் இருந்த வாய்ஸ் காயிலையும் (கூம்போடு ஒட்டிய கம்பிச்சுருள்) காந்தத்தில் உரசவைக்கும். சும்மா இருந்திருந்தால் ஃபோம் மாற்றுவதோடு முடிந்திருக்கும் வேலை அது.

முகப்புத் துணியைக் கழற்றி, வெளிச்சத்தில் கூம்பின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் வளையத்தைச் சரவுண்ட் என்பார்கள். அது நான்கு வகையில் வரும். ஃபோமாக இருந்தால் விரல் நுனியால் லேசாக அழுத்துங்கள். பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டாலோ பொடியாக உதிர்ந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். பாலியுரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்தாலேயே சிதையக்கூடியது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் கெடும். ரப்பராக இருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும், சில சமயம் இறுகிப்போயிருக்கும். துணியின் மேல் பூச்சுப் பூசிய வகையும், கூம்பின் காகிதமே மடிப்பு மடிப்பாக ஓரம்வரை போகும் வகையும் நீண்டகாலம் உழைப்பவை. இவற்றில் கிழிசல் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்தது உரசல் சோதனை. இரண்டு கை விரல்களையும் கூம்பின் நடுப்பகுதியைச் சுற்றிச் சம தூரத்தில் வைத்து, நேராக உள்நோக்கி மூன்று நான்கு மில்லிமீட்டர் மெதுவாகத் தள்ளி விடுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். ஓசையே இல்லாமல் போய்வர வேண்டும். சரசரவென்று மணல் உரசுவது போலக் கேட்டால் காயில் எங்கோ இடிக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் நல்ல வூஃபரும் உரசும், அதனால் நேராகத் தள்ளுவது முக்கியம். கூம்பு அசையவே இல்லை என்றால், ஸ்பீக்கர் எப்போதோ கீழே விழுந்து காந்தம் நகர்ந்து காயிலைக் கவ்வியிருக்கலாம். அது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

இரண்டாம் படி: கழற்றுவது

எதையும் அவிழ்ப்பதற்கு முன் ஃபோட்டோ எடுங்கள். கம்பிகளின் நிறம், எந்த முனையில் எது, சுருதிகளைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பலகையில் எந்தப் பாகம் எந்தத் திசை, எல்லாம். இடது, வலது என்று பென்சிலால் பின்னால் குறித்துவிடுங்கள். இரண்டு பெட்டிகளையும் ஒரே சமயத்தில் கழற்றாமல் ஒன்றை முழுதாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. குழப்பம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் ஒப்பிட்டும் கேட்கலாம்.

பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்துத்தான் திருகுகளைக் கழற்ற வேண்டும். காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கும், நுனி கூம்பில் குத்தி ஓட்டை போட்டுவிடும். ஒரு கையால் திருகின் பக்கத்தில் மறைத்துக்கொண்டு மறு கையால் திருப்புங்கள். காற்றுக் கசியாமல் அடைக்கும் பழைய ஒட்டு கேஸ்கெட் வூஃபரைப் பெட்டியோடு பிடித்துக்கொண்டிருக்கும். ஒரே இடத்தில் நெம்பினால் சட்டம் வளையும். மெல்லிய தகடு ஒன்றைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகித் தூக்குங்கள்.

கழற்றிய வூஃபரை எங்கே வைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். மேசையில் கிடக்கும் இரும்புத் தூளெல்லாம் காந்தத்தைத் தேடிப் போகும். ஸ்டீல் உல் என்னும் இரும்பு நாரை இந்த வேலை நடக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஒரு துகள் இடுக்குக்குள் போனாலும் வாழ்நாள் முழுக்கக் கரகரக்கும். காந்த அமைப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். குறிப்பாக, 1970களின் கடைசிவரை பரவலாக இருந்த அல்நிகோ காந்தம், தன் இரும்புக் கூட்டிலிருந்து வெளியே எடுத்தாலே சக்தியில் ஒரு பங்கை இழந்துவிடும்.

மூன்றாம் படி: மல்டிமீட்டரும் ஒரு பேட்டரியும்

மீட்டரை ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அளக்கும் எதிலும் அதைக் கழிக்க வேண்டும். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் என்றால் 3க்குக் கொஞ்சம் மேலே. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெட்டியில் எழுதியிருப்பது மாறுமின்னோட்டத்துக்கான எண், மீட்டர் காட்டுவது கம்பியின் நேர்மின் (டி.சி) எதிர்ப்பு. இரண்டு பெட்டிகளின் ஒத்த பாகங்களும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்பதுதான் முக்கியம். ட்வீட்டரை அளக்கும்போது கம்பியைக் கழற்றிவிட்டு அளங்கள், இல்லாவிட்டால் கிராஸ்ஓவரையும் சேர்த்து அளப்பீர்கள்.

மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பின்னால் இருக்கும் முனையிலிருந்து கூம்புக்கு ஜடை போல ஒரு கம்பி போகும். அது கூம்பைத் தொடும் இடத்தில் இருக்கும் ஈயப் புள்ளியில் மீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே எண் வந்தால் காயில் உயிரோடுதான் இருக்கிறது, அறுந்தது அந்த ஜடைக் கம்பி மட்டுமே. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடி ஆடி அறுந்திருக்கும்.

துருவத்தைச் சரிபார்க்க 1.5 வோல்ட் பேட்டரி போதும். நேர்முனையைச் சிவப்பிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் சரி. பழைய ஜேபிஎல் வூஃபர்களில் இது தலைகீழாக, உள்ளே இழுக்கும். அது கோளாறு அல்ல, அந்த நிறுவனம் அன்று அப்படித்தான் வைத்திருந்தது. 'திருத்தி' வைக்காதீர்கள். ட்வீட்டருக்கு இந்தப் பேட்டரி சோதனை வேண்டாம்.

நான்காம் படி: ஃபோம் சரவுண்டை மாற்றுவது

பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். பலன் அதிகம் தெரியும் இடமும் இதுதான்.

புது ஃபோம் வாங்கும்போது 'பத்து இஞ்ச் வூஃபர்' என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பத்து இஞ்ச் என்பது ஒரு பேச்சுக்குத்தான். நான்கு அளவுகளை மில்லிமீட்டரில் எடுங்கள்: கூம்பின் விட்டம், பழைய ஃபோமின் உள்விட்டம், வெளிவிட்டம், உருளையான வளைவின் அகலம். உள் உதடு தட்டையாக இருந்ததா, கூம்பின் சரிவுக்கு ஏற்பச் சாய்வாக இருந்ததா என்றும் பாருங்கள். கூம்பின் மேலே ஒட்டியிருந்ததா, அடியிலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் இருந்தால் அடியிலேயே ஒட்ட வேண்டும். மாதிரி எண் தெரிந்தால் அதற்கென்றே செய்த ஃபோமைத் தேடுவது உத்தமம். தடிமனான ஃபோம் உறுதியாகத் தெரிந்தாலும், அது கூம்பின் ஆட்டத்தை இறுக்கிக் கீழ்ச்சுருதியைக் குறைத்துவிடும்.

பழையதை எடுப்பதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். வெளி ஓரத்தில் அட்டை வளையம் இருந்தால் மெல்லிய கத்தியால் முழுதாகத் தூக்கிப் பத்திரப்படுத்துங்கள், திரும்பத் தேவைப்படும். உலோகச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பசையை மழுங்கிய உளியால் சுரண்டலாம். அங்கே மிச்சம் ஒரு திட்டு இருந்தாலும் புது ஃபோம் சமமாக உட்காராது. கூம்பின் ஓரத்தில் உளி வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் ஒரு விரற்கடை நீளத்துக்குத் தடவி, அரை நிமிடம் விட்டு, நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ தள்ளுங்கள். இளகிய பழைய பசை கறுப்புத் தார் போலச் சுருண்டு வரும். காகிதக் கூம்பு ஊறும் அளவுக்கு நனைக்கக் கூடாது. பிளாஸ்டிக் கூம்பாக இருந்தால் முதலில் ஒரு ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். உதிரும் ஃபோம் தூள் காயில் பக்கம் போகாமல் வூஃபரை அவ்வப்போது கவிழ்த்துத் தட்டிவிடுங்கள்.

பசையைப் பொறுத்தவரை, காய்ந்ததும் நிறமில்லாமல் நெகிழ்வாக இருக்கும் வெள்ளைப் பசை வகையைத்தான் நான் சொல்வேன். ஃபோமை வைத்த பிறகும் சில நிமிடம் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தரும். காண்டாக்ட் சிமென்ட் தொட்டதும் பிடித்துக்கொள்ளும்; பழகியவருக்கு அது வசதி, முதல்முறை செய்பவருக்குத் தலைவலி. ரப்பர் சரவுண்டுக்கு மட்டும் அதற்கேற்ற பசை வேண்டும், வெள்ளைப் பசை அதில் பிடிக்காது. சூப்பர் க்ளூ எதற்குமே வேண்டாம். கண்ணாடி போல இறுகி விரிசல் விடும்.

பசை போடாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். பொருந்தினால், முதலில் கூம்போடு மட்டும் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சு, பிறகு விரலால் சுற்றிச் சுற்றி அழுத்தம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, தூக்கிக்கொண்ட இடங்களை மறுபடி அழுத்துங்கள். இது முழுக்கக் காயும்வரை வெளி ஓரத்தைத் தொடாதீர்கள். ஓர் இரவு விட்டுவிடுவது நல்லது.

இனி கூம்பை நடுவில் நிறுத்துவது. காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. வெளி ஓரத்தைக் கோணலாக ஒட்டிவிட்டால் வாழ்நாள் உரசல்தான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, நடுவிலுள்ள டஸ்ட் கேப்பை வெட்டித் திறந்து, காயிலுக்கும் நடுத் தூணுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளை நான்கு பக்கமும் செருகி இறுக்கமாக நிறுத்துவது. பசை காய்ந்ததும் பட்டைகளை உருவிவிட்டு, புது டஸ்ட் கேப் ஒட்ட வேண்டும். தவறவே தவறாத வழி, ஆனால் டஸ்ட் கேப்பைப் பலி கொடுக்க வேண்டியிருக்கும்.

மற்றது சத்தத்தால் நிறுத்துவது. கூம்புக்கு அடியில் ஸ்பைடர் என்னும் மடிப்புத் துணி ஒன்று காயிலைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது நல்ல நிலையில் இருந்தால் காயில் தானாகவே ஏறக்குறைய நடுவில்தான் நிற்கும், நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். எனவே முதலில் இந்த வழியையே முயன்று பாருங்கள். வெளி ஓரத்தில் பசை தடவி ஃபோமை உட்காரவைத்த கையோடு, ஃபோனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப்ளிஃபையர் வழியாக மிகக் குறைந்த அளவில் கொடுங்கள். கூம்பு மூன்று நான்கு மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஆடினால் போதும். இவ்வளவு கீழே உள்ள சுருதி காதில் பெரிதாக விழாது, ஆனால் உரசல் இருந்தால் 'டர்ர்' என்று தனியாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் ஃபோமின் ஓரத்தை மயிரிழை அளவு ஒரு பக்கம் தள்ளுங்கள். சத்தம் கூடினால் எதிர்ப்பக்கம். முற்றிலும் அடங்கியதும் துணி காயப்போடும் கிளிப்புகளைச் சுற்றிலும் எதிரெதிராகப் போடுங்கள். ஒவ்வொரு கிளிப் போட்ட பிறகும் ஒருமுறை கேளுங்கள், ஏனென்றால் கிளிப்பே ஃபோமை இழுத்துவிடும். அப்புறம் ஒலியை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

ஒரு வூஃபரில் மட்டும்தான் ஃபோம் போயிருக்கிறது என்றாலும் இரண்டிலும் மாற்றுங்கள். மற்றது பின்னாலேயே வரும், தவிர இரண்டு வேறு இளக்கம் கொண்ட வூஃபர்கள் ஒரே மாதிரி பாடாது.

கூம்பின் கிழிசலும் அறுந்த கம்பியும்

காகிதக் கூம்பில் சின்னக் கிழிசல் என்றால் தேநீர்ப் பை போன்ற மெல்லிய, நார் உள்ள காகிதத்தைப் பிய்த்து (வெட்டக் கூடாது, பிய்த்த ஓரம்தான் கூம்போடு இழைந்து போகும்) தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் தோய்த்து, கூம்பின் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். முன்பக்கம் தெரியவே தெரியாது. பசையை அள்ளி அப்பினால் கூம்பின் எடை கூடும், அதனால் கஞ்சத்தனம் இங்கே நல்லது. உள்ளே அழுந்திப்போன டஸ்ட் கேப்பை ஒட்டும் டேப்பால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடலாம், ஒலியில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது.

அறுந்த ஜடைக் கம்பிக்குப் பதிலாகச் சாதாரண வயரைப் போட்டுவிடாதீர்கள். ஸ்பீக்கரில் இருப்பது நூலைச் சுற்றி மெல்லிய செம்பு இழைகளைப் பின்னிய டின்சல் கம்பி. வளைந்து வளைந்து ஆடுவதற்கென்றே செய்தது. அதே வகையைத்தான் போட வேண்டும். பழைய கம்பி எவ்வளவு தொய்வாகத் தொங்கியதோ அதே தொய்வு விடுங்கள். இறுக்கினால் கூம்பை இழுக்கும், அதிகம் தொங்கினால் கூம்பில் பட்டுப் படபடக்கும். கூம்புப் பக்கம் சால்டரிங் அயர்னை இரண்டு நொடிக்கு மேல் வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: கிராஸ்ஓவர்

கீழ்ச்சுருதியை வூஃபருக்கும் மேல்சுருதியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சின்ன மின்சுற்றுதான் கிராஸ்ஓவர். சில காயில்கள் (கூம்பின் வாய்ஸ் காயில் அல்ல, பலகையில் இருக்கும் தனிக் கம்பிச்சுருள்கள்), சில கெப்பாசிட்டர்கள், ஒன்றிரண்டு ரெசிஸ்டர்கள், அவ்வளவுதான். காயில்கள் கெடாது, அவற்றைத் தொட வேண்டாம். நகர்த்தவும் வேண்டாம், ஏனென்றால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதைப் பாதிக்காதபடி பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். ரெசிஸ்டர் கருகாமல், மீட்டரில் சரியாக இருந்தால் அதுவும் இருக்கட்டும்.

கவலை கெப்பாசிட்டரைப் பற்றித்தான். அன்று பெரும்பாலும் போட்டது பைபோலார் எனப்படும், துருவம் இல்லாத எலெக்ட்ரோலிடிக் வகை. உள்ளே இருக்கும் திரவம் காலப்போக்கில் வற்றும், மதிப்பும் நகரும். நகர்ந்தால் என்ன ஆகும்? 8 ஓம் ட்வீட்டருக்கு 4 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று தொடராக இருந்தால், அது வெட்டும் இடம், அதாவது எதற்குக் கீழே உள்ள சுருதியை ட்வீட்டருக்குப் போகாமல் தடுக்கிறதோ அந்த இடம், ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸ். அதே கெப்பாசிட்டர் 5 மைக்ரோஃபாரட்டுக்கு ஏறிவிட்டால் வெட்டும் இடம் 4,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ட்வீட்டர் தனக்குரியதல்லாத சுமையையும் சுமக்கத் தொடங்கும், ஒலி கரடுமுரடாகும், சத்தம் கூடும்போது கருகவும் கூடும். மதிப்பு சரியாகவே இருந்து உள் எதிர்ப்பு மட்டும் ஏறிவிட்டால் ட்வீட்டர் மங்கலாகிவிடும். 'பழைய ஸ்பீக்கர் என்றால் இதமான ஒலி' என்று சிலர் ரசிப்பதில் பாதி, காய்ந்துபோன கெப்பாசிட்டரின் கைங்கரியம்தான்.

கெப்பாசிட்டரை அளக்க அதன் ஒரு காலையாவது பலகையிலிருந்து விடுவிக்க வேண்டும். கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டர் மதிப்பைச் சொல்லும், உள் எதிர்ப்பைச் சொல்ல இ.எஸ்.ஆர் மீட்டர் வேண்டும். இரண்டாவது கையில் இல்லை என்றால், முப்பது வருடம் தாண்டிய எலெக்ட்ரோலிடிக்கை அளக்காமலேயே மாற்றிவிடலாம். பெரிய செலவு இல்லை.

மாற்றும்போது மதிப்பு அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம். பழையது 6.2 மைக்ரோஃபாரட், அது கிடைக்கவில்லை என்றால் 4-ஐயும் 2.2-ஐயும் இணையாகப் போட்டால் கூட்டி 6.2 வந்துவிடும். உதிரிபாகப் பெட்டியில் சும்மா கிடக்கும் துருவமுள்ள எலெக்ட்ரோலிடிக்கைத் தனியாகப் போடக் கூடாது, மாறுமின்னோட்டத்தில் அது தாங்காது.

ஃபிலிம் கெப்பாசிட்டர் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், அது காயாது, பல பத்தாண்டு உழைக்கும். ஆனால் அதன் உள் எதிர்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். பழைய எலெக்ட்ரோலிடிக்கில் புதிதாக இருந்தபோதே கால் ஓம், அரை ஓம் என்று இருந்திருக்கும், வடிவமைத்தவர் அதையும் சேர்த்துத்தான் ஒலியைக் காதால் தீர்மானித்திருப்பார். ஃபிலிம் போட்டபின் மேல்சுருதி குத்தினால் அதோடு தொடராக அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்துப் பாருங்கள். பெரிய மதிப்புகளுக்குப் புது பைபோலார் எலெக்ட்ரோலிடிக்கே போதும். ஃபிலிமில் அவை பலகையிலேயே உட்காராத அளவுக்குப் பெரிதாக இருக்கும். ஆளுயர விளம்பரத்தோடு வரும் ஆடம்பரக் கெப்பாசிட்டர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை; மதிப்பு சரியாக இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஃபோட்டோவைப் பார்த்துத் தேடாதீர்கள். எடை அதிகமான பாகங்களைப் பிளாஸ்டிக் டையால் பலகையோடு கட்டுங்கள், கால்களை நம்பித் தொங்கவிட்டால் வூஃபரின் அதிர்வில் முறியும். மிகப் பழைய, எண்ணெய் நிரப்பிய உலோக டப்பாக் கெப்பாசிட்டர் இருந்தால் உடைக்காதீர்கள். 1970களின் கடைசிவரை வந்தவற்றில் பி.சி.பி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம்.

பின்னால் ட்வீட்டர் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால், அதைத் திருப்பும்போது கரகரவென்று ஒலி வந்துவந்து போகும். 1967இல் வந்த ஏ.ஆர்-3ஏ போன்ற ஸ்பீக்கர்களில் இது தெரிந்த வியாதி. உள்ளே பச்சைப் பூஞ்சை போல ஆக்சைடு படிந்திருக்கும். காண்டாக்ட் கிளீனரை அடித்து இருபது முப்பது தடவை முழுதாகத் திருப்பினால் பெரும்பாலும் தெளியும். தெளியாவிட்டால் பிரித்து மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எல்-பேட் என்னும் வேறு வகை அளவுக் குமிழைப் போடுவார்கள், ஆனால் பழைய குமிழும் எல்-பேடும் மின்சுற்றில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அந்த மாடலின் சுற்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ட்வீட்டர்

கெப்பாசிட்டரை மாற்றியும் ட்வீட்டர் மந்தமாகவே இருந்தால், ஃபெரோஃப்ளூயிட்டைச் சந்தேகியுங்கள். 1970களிலிருந்து பல ட்வீட்டர்களில் காயிலைக் குளிர்விக்க இடுக்குக்குள் ஊற்றப்பட்ட காந்த எண்ணெய் இது. வருடங்கள் போகப்போகப் பிசினாக இறுகிக் காயிலைப் பிடித்துக்கொள்ளும். திருகில் கழற்றக்கூடிய முகப்பாக இருந்தால் டோமை (ட்வீட்டரின் குவிந்த சவ்வு) மெதுவாகத் தூக்கி, இடுக்குக்குள் உறிஞ்சுதாள் பட்டையை மடித்துச் செருகிச் செருகி எடுங்கள். தாளில் பழுப்புச் சேறு ஒட்டுவது நின்றதும், அந்த ட்வீட்டருக்குச் சொல்லப்பட்ட அளவு புது எண்ணெயை விட வேண்டும். இடுக்கில் இரும்புத் துகள் தெரிந்தால் ஊதாதீர்கள், போகாது. ஒட்டும் டேப்பை மடித்து, ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி உள்ளே விட்டு வழித்து எடுங்கள்.

மீட்டரில் ட்வீட்டர் முழுக்கச் செத்திருந்தால் அந்த மாடலுக்கு டயஃப்ரம் (டோமும் காயிலும் சேர்ந்த பாகம்) மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கண்ட ட்வீட்டரை அந்த ஓட்டையில் மாட்டினால் கிராஸ்ஓவர் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும். செத்ததற்குக் காரணத்தையும் தேடுங்கள். சின்ன ஆம்ப்ளிஃபையரை முழுச் சத்தத்தில் திணறவிடுவதுதான் ட்வீட்டர் கருகுவதற்குப் பொதுவான காரணம்.

பெட்டி

1954இல் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர்-1 ஸ்பீக்கர் மூலம் கொண்டுவந்த மூடிய பெட்டி முறையில், உள்ளே அடைபட்ட காற்றுதான் கூம்புக்கு ஸ்பிரிங். அப்படிப்பட்ட பெட்டியில் காற்றுக் கசிந்தால் கீழ்ச்சுருதி போய்விடும். வூஃபரை மாட்டிய பின் கூம்பை மெதுவாக அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது, சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ கசிவு. கேஸ்கெட், பின்பக்க முனைப் பலகை, குமிழின் தண்டு, பிரிந்த மூட்டு, இந்த வரிசையில் தேடுங்கள். முன்னால் குழாய் வைத்த பெட்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. உள்ளே இருந்த பஞ்சை எவ்வளவு எடுத்தீர்களோ அவ்வளவே திரும்ப வையுங்கள்.

மரத்தோல் தூக்கிக்கொண்டிருந்தால் அடியில் மரப்பசை விட்டு, மேலே துணி போட்டு மிதமான சூட்டில் அயர்ன் பாக்ஸால் அழுத்தினால் பல சமயம் படிந்துவிடும். உப்புத்தாள் போடும்போது நிதானம் வேண்டும், அந்த மரத்தோல் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. வூஃபர்கள் வெளியே இருக்கும்போதே, வேறு அறையில் இதைச் செய்துமுடியுங்கள். முகப்புத் துணி மாற்றினால் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போகும் துணிதான் வேண்டும்.

மாட்டிய பிறகு

முதலில் ஆம்ப்ளிஃபையரைச் சோதியுங்கள். எதுவும் பாடாதபோது அதன் ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின் (டி.சி) அழுத்தம் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் இவ்வளவு வேலையும் ஒரே நாளில் புகையாகிவிடும். சரியாக இருந்தால் குறைந்த சத்தத்தில் 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலே ஏறும் ஒலியை ஓடவிட்டு, ஒவ்வொரு பெட்டியாகக் கேளுங்கள். ஏதோ ஒரு சுருதியில் மட்டும் படபடப்பு வந்தால் அது பெரும்பாலும் இறுகாத திருகோ, பலகையில் தட்டும் கம்பியோ, முகப்புச் சட்டமோதான்.

பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மோனோவில் ஒரு குரலைப் போடுங்கள். குரல் நடுவில் உறுதியாக நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் கரைந்து, கீழ்ச்சுருதியும் காணாமல் போனால் ஒரு பெட்டியில் துருவம் மாறியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் இடது வலது கம்பிகளை மாற்றிப் போடுங்கள்; மங்கல் பெட்டியோடு இருந்தால் குறை பெட்டியில், பக்கம் மாறினால் குறை ஆம்ப்ளிஃபையரில். புது ஃபோம் முதல் சில மணி நேரம் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், அதற்குள் கீழ்ச்சுருதி போதவில்லை என்று எதையும் மறுபடி கழற்ற வேண்டாம். என்னென்ன மாற்றினீர்கள், எந்த மதிப்பு, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். கழற்றிய பழைய கெப்பாசிட்டர்களையும் ஒரு உறையில் போட்டு வைத்திருங்கள், அடுத்து யார் திறந்தாலும் மூல மதிப்பு கையில் இருக்கும்.